எண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால் இருந்த மனிதர்: கோட்டக்கல் வாரியர்

கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆயுள்வேத மசாஜ் என்று எழுதிய பலகைகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் உல்லாசப் பயணிகளுக்கானவை. மகியங்கனை வீதியில் உள்ள திகனவில் அரசாங்கத்தின் புனர்வாழ்வு வைத்தியசாலையும் இருக்கிறது. அங்கே நோயாளியின் உடலில் கை வைப்பது சுகத்துக்காக அல்ல, முடங்கிய உடலை மறுபடி அசைய வைப்பதற்காக. எண்ணெய் பூசி உருவும் வைத்தியமும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததுதான். அந்த மருந்தெண்ணெயைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கோட்டக்கல் பி.எஸ். வாரியர்.

பன்னியின்பள்ளி சங்குண்ணி வாரியர் 1869 மார்ச் 16இல் மலபாரின் கோட்டக்கல்லில் பிறந்தார். குட்டஞ்சேரி மூஸ் என்ற அட்டவைத்தியரிடம் ஆயுள்வேதம் கற்றார். பிறகு அவருக்குக் கண்ணில் நோய் வந்தது. மஞ்சேரி அரசாங்க வைத்தியசாலையின் ஆங்கில வைத்தியர் வர்கீஸிடம் சிகிச்சைக்குப் போனவர், அவரிடமே மேலைத்தேய மருத்துவமும் படித்தார். பிற்காலத்தில் உடற்கூறு பற்றி சமஸ்கிருதத்தில் நூல் எழுதும் அளவுக்கு அந்தப் படிப்பு அவரில் ஊறியது.

அந்நாளில் கசாயமோ தைலமோ வேண்டுமென்றால் வைத்தியர் எழுதித் தருவார். மூலிகை தேடுவதும் விறகு எரித்துக் காய்ச்சுவதும் நோயாளியின் வீட்டாரின் பாடு. ஆளும் நேரமும் உள்ள வீட்டுக்கே வைத்தியம். வாரியர் 1902 ஒக்டோபர் 12இல் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கி, மருந்துகளைத் தயாராகக் காய்ச்சிப் போத்தலில் விற்றார். இன்று நம் ஊர்க் கடைகளில் தன்வந்தரம், கொட்டஞ்சுக்காதி என்று கேட்டு வாங்குவதெல்லாம் அந்த மாற்றத்தின் தொடர்ச்சிதான்.

கேரள முறையில் பிழிச்சல் என்றொரு சிகிச்சை உண்டு. நோயாளியை மரத்தோணியில் கிடத்தி, சூடான தைலத்தில் நனைத்த துணியை உடல் முழுவதும் பிழிந்தபடியே உருவுவார்கள். நவரக்கிழி என்பது நவரை அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டிக் கசாயத்திலும் வேகவைத்து, துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது. விறைத்த மூட்டுக்கும் பக்கவாதத்துக்குப் பின் இறுகிய தசைக்கும் இவற்றைச் செய்கிறார்கள். தசை தளர்கிறது, நோவு குறைகிறது, நித்திரை வருகிறது. அறுந்த நரம்பை எந்த எண்ணெயும் ஒட்டாது.

நமது மக்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடலில் ஷெல் துண்டு இருக்கும் இடத்தை அழுத்தி உருவக் கூடாது. முள்ளந்தண்டு காயத்தால் உணர்வற்றுப் போன காலுக்குச் சூடு தெரியாது. கொதிக்கும் எண்ணெய் புண்ணாக்கிவிடும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் உருவுவதற்கு முன் வைத்தியரிடம் காட்ட வேண்டும், உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். இரண்டு மருத்துவமும் படித்த வாரியரின் பாதையில் வருபவர் இதை மறக்க மாட்டார்.

1921 ஓகஸ்டில் கோட்டக்கல்லுக்கு அருகிலுள்ள திரூரங்காடியில் தொடங்கி மலபார் எரிந்தது. ஆங்கில ஆட்சிக்கும் ஜமீன்களுக்கும் எதிராக மாப்பிளா முஸ்லிம்கள் எழுந்தனர். இராணுவம் இறங்கியது, இந்துக்கள் மீதும் தாக்குதல்கள் நடந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், ஊர்கள் காலியாகின. வாரியர் கோட்டக்கல்லை விட்டுப் போகவில்லை. கைலாச மந்திரம் என்ற தன் வீட்டில் இந்து என்றும் முஸ்லிம் என்றும் பாராமல் ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார். 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கும், வன்னியில் இடம்பெயர்ந்து அலைந்தவர்களுக்கும், அப்படி ஒரு கதவு திறந்திருப்பதன் பெறுமதி தெரியும்.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. 1917இல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த ஆயுள்வேத பாடசாலை கோட்டக்கல்லுக்கு வந்தது, 1924இல் ஏழைகளுக்கு இலவச வைத்தியசாலை எழுந்தது. நாடகப் பித்தும் அவருக்கு உண்டு. சொந்தமாக ஒரு நாடகக் குழு வைத்திருந்தார், கடைசிக் காலத்தில் அது கதகளிக் குழுவானது. 1933இல் வைத்தியரத்தினம் பட்டம் கிடைத்தது. 1939இல் எழுதிய உயிலில் ஆரிய வைத்தியசாலையைக் குடும்பச் சொத்தாக விடாமல் அறக்கட்டளையாக்கினார்.

1944 ஜனவரி 30இல் வாரியர் காலமானார். அந்த இலவச வைத்தியசாலை கோட்டக்கல்லில் இன்றும் நடக்கிறது.