கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட நொக்ஸும் கசப்பு மருந்தும்

மூதூரின் வெள்ளைக்காரன் மரத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனோடு தொடர்புடைய றொபேட் நொக்ஸின் வரலாற்றில் நாம் அறியவேண்டிய மருந்துப் பாடம் ஒன்று உண்டு.

1659இல் புயலில் பாய்மரம் இழந்த 'அன்' என்னும் ஆங்கிலக் கப்பல், அதைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 ஏப்ரலில் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற் தலைவரையும், அவர் பெயரையே கொண்ட 19 வயது மகனையும், வேறு சிலரையும் சிறைபிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அங்கே தந்தையும் மகனும் குளிர்காய்ச்சலில் விழுந்தனர். 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். நோயால் மெலிந்திருந்த மகனே அவரை அடக்கம் செய்தார்.

பின்னர் நொக்ஸ் தொப்பி பின்னியும், நெல்லைக் கடன் கொடுத்தும், ஊரூராக வியாபாரம் செய்தும் பிழைத்தார். தப்பும் வழிதேடி வடக்கே சென்றபோதெல்லாம் காய்ச்சல் அவரை வாட்டியது. கெட்ட தண்ணீரே காரணம் என்று நம்பினார். கஞ்சா இலைத்தூளைக் கருப்பட்டியுடன் சேர்த்து வெறும் வயிற்றில் உண்டார். தலை சுற்றியது, ஆனால் அதன்பின் நோய் வரவில்லை என்று எழுதிவைத்தார்.

உண்மை என்ன? மரஞ்செடிகள் பகைவனைக் கண்டு ஓடமுடியாதவை. ஆகையால் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்டக் கசப்பும் நஞ்சும் பிசினும் தம்முள் ஆக்கிக்கொள்கின்றன. கஞ்சாவின் மயக்கமும் அத்தகைய பிசினிலிருந்தே வருகிறது. ஆனால் அது மலேரியாவைத் தீர்ப்பதில்லை. பலமுறை காய்ச்சல் கண்ட உடல் ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெறுவதுண்டு; நொக்ஸைக் காத்தது அதுவாகவே இருக்கலாம்.

அக்காய்ச்சலுக்கு ஏற்ற மருந்து வேறொரு மரத்தின் பட்டையில் இருந்தது. தென் அமெரிக்காவின் சிங்கோனா மரம் தன்னைக் காக்கச் சேமிக்கும் கசப்பே குயினைன். இயேசு சபையினர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவர, கர்தினால் யுவான் தே லூகோ உரோமையின் ஏழைகளுக்கு அதைக் கிடைக்கச் செய்தார். நொக்ஸ் பிடிபட்ட அதே 1660இல்தான் அவர் காலமானார். ஆயினும் சிங்கோனா இலங்கையின் ஹக்கலைக்கு வந்தது 1861இல். தந்தை நொக்ஸ் இறந்து 200 ஆண்டுகளுக்குப் பின்பு!

மகன் 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச்சென்று, 1681இல் இலங்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1720இல் இலண்டனில் மரித்தார். காய்ச்சலைப் பரப்புவது தண்ணீரன்று, நுளம்பே என்பதற்கு றொனால்ட் றொஸ் 1897இல்தான் சான்று கண்டார்.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எனினும் வெளிநாடு சென்று திரும்பிய உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், எவரோ சொன்ன இலையை அரைத்துக் கொடுத்துக் காத்திராதீர்கள். தாமதமின்றி வைத்தியசாலைக்குப் போய், இரத்தத்தைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். செடி தனக்கென ஆக்கிய நஞ்சு, நோயறிந்து அளவறிந்து கொடுக்கும்போதே நமக்கு மருந்தாகும்.