லூயி பாஸ்டரும் உங்கள் வீட்டு நாயும்



பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு இணங்கி ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டு வருகிறீர்கள். பெயர் வைத்து, பழைய சாக்கை விரித்துப் படுக்கையும் போட்டாயிற்று. பிறகு மிருக வைத்தியரிடம் போனால் ஊசிகளின் பட்டியல் நீளுகிறது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது சிறு தொகையல்ல. அடுத்த வீட்டார் ஒன்றுமே வேண்டாம் என்பார். எதிர்வீட்டார் எல்லாமே வேண்டும் என்பார். எதைப் போடுவது, எதை விடுவது? இதற்கு விடை தேடப் புறப்பட்டால், 1895 இல் கண்மூடிய ஒரு பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

லூயி பாஸ்டர் 1822 டிசெம்பர் 27 ஆம் திகதி பிரான்சின் டோல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. குடும்பம் பின்னர் ஆர்புவா என்ற சிற்றூரில் குடியேறியது. லூயிக்கு எட்டு வயதாயிருந்தபோது, 1831 இல், விசர் கொண்ட ஓநாய் ஒன்று அப்பகுதிக்குள் புகுந்து பலரைக் கடித்தது. அந்நாளில் இருந்த ஒரே வைத்தியம், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவதுதான். கொல்லன் பட்டறையில் அந்தச் சூடு போடப்படுவதைச் சிறுவன் கண்டான். கடிபட்டவர்களில் பலர் அப்படியும் பிழைக்கவில்லை.

அவர் படித்தது இரசாயனம், வைத்தியம் அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 1849 இல் மாரி லோரானை மணந்தார். பிறந்த ஐந்து பிள்ளைகளில் மூன்று பெண் குழந்தைகளை 1859, 1865, 1866 ஆகிய ஆண்டுகளில் அடக்கம் செய்தார். 1868 இல் வாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. கோழிக் கொலரா, ஆடுமாடுகளின் அந்திராக்சு, நீர்வெறுப்பு ஆகிய மூன்று நோய்களிலும் அவர் கண்ட வெற்றிகள் எல்லாம் இதற்குப் பின்னர் வந்தவை. நொண்டிக் காலோடும் தளர்ந்த கையோடும் அவர் செய்த வேலை அது.

1881 மே மாதம் புயி-லெ-ஃபோர் என்ற கிராமத்துப் பண்ணையில் நடந்த சோதனையைச் சொல்லாமல் விட முடியாது. 24 செம்மறிகளுக்குத் தடுப்பூசி போட்டார். இன்னும் 24 செம்மறிகளை ஊசியின்றி விட்டார். பின்பு எல்லாவற்றுக்கும் அந்திராக்சுக் கிருமியை ஏற்றினார். யூன் 2 ஆம் திகதி ஊரே கூடிப் பார்த்தபோது ஊசி போட்டவை உயிரோடு நின்றன. போடாதவை பெரும்பாலும் செத்துக் கிடந்தன. எஞ்சியவை அன்றிரவுக்குள் முடிந்தன. எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையிலிருந்து கண்டுபிடித்த அம்மைப்பாலின் பெயரை இத்தகைய எல்லா ஊசிகளுக்கும் பொதுப்பெயராக்கியவரும் பாஸ்டர்தான்.

அடுத்து அவர் விசர்நாய் நோயில் இறங்கினார். அந்நோயின் கிருமி அக்காலத்து நுணுக்குக்காட்டியில் தென்படாது. ஆகவே எமில் ரூ என்ற உதவியாளருடன் சேர்ந்து, நோயால் இறந்த முயல்களின் முள்ளந்தண்டு நரம்பைப் போத்தலில் தொங்கவிட்டு உலர்த்தி, அதன் வீரியத்தைப் படிப்படியாகக் குறைத்தார். 1884 இல் அரசு நியமித்த குழுவொன்று அவர் ஊசி போட்ட நாய்களைச் சோதித்து, அவற்றுக்கு நோய் பற்றவில்லை என்று ஒப்புக்கொண்டது.

இங்கேதான், வாசகரே, நாம் கவனிக்க வேண்டிய இடம். கடிபட்ட மனிதரைக் காப்பாற்றியவர் என்றே பாஸ்டரை நாம் அறிவோம். ஆனால் நாயைக் காத்தால் மனிதனும் தப்புவான் என்பதை அவர் முன்பே எண்ணிப் பார்த்திருந்தார். பாரிஸ் நகரில் மாத்திரம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்கள். நாடு முழுவதும் இருபத்தைந்து இலட்சம் அளவில். அத்தனைக்கும் ஊசி போட அன்று மருந்துக்கும் வழியில்லை, ஆளுக்கும் வழியில்லை. வேறு வழியின்றி, கடித்த பின் காப்பாற்றும் முறையை நாடினார்.

1885 யூலை 6 ஆம் திகதி அல்சாஸிலிருந்து யோசேப்பு மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனைத் தாய் அழைத்து வந்தாள். உடலில் 14 கடிகாயங்கள். பாஸ்டர் வைத்தியர் அல்லாததால் ஊசி போட அவருக்கு உரிமையில்லை. கிரான்ஷே என்ற வைத்தியர் போட்டார். சிறுவன் பிழைத்தான். மைஸ்டருக்கு ஏற்றிய அதே முறையை நாய்களில் முழுதாகச் சோதித்து முடிக்கு முன்பே பாஸ்டர் துணிந்துவிட்டார் என்பதை, அவருடைய குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் படித்த சரித்திர ஆசிரியர்கள் காட்டியுள்ளனர். புகழ்ந்து எழுதுவோர் இதை விட்டுவிடுவது வழக்கம். விட வேண்டியதில்லை, அந்தத் துணிவின் பாரம் என்னவென்று அப்போதுதான் விளங்கும்.

அதே ஆண்டு நவம்பரில் லூயிஸ் பெல்லத்தியே என்ற பத்து வயதுச் சிறுமியைக் கொண்டு வந்தார்கள். கடிபட்டு 37 நாட்கள் கடந்திருந்தன. காலம் பிந்திவிட்டது என்று அவருக்குத் தெரியும். அவள் இறந்தால் தம் முறைக்கே கெட்ட பெயர் வரும் என்றும் தெரியும். பெற்றோரின் கண்ணீருக்கு முன் மறுக்க முடியவில்லை. டிசெம்பரில் அவள் இறந்தாள். அவள் படுக்கையருகே அமர்ந்திருந்து, அழுதபடி வெளியே வந்தார்.

பாரிஸில் அவர் பெயரில் ஆய்வு நிலையம் 1888 இல் திறக்கப்பட்டது. 1895 செப்டெம்பர் 28 ஆம் திகதி, ஒரு கை மனைவியின் கையிலும் மறு கை பாடுபட்ட சுரூபத்திலுமாக, அவர் காலமானார். அந்த நாளே இன்று உலக நீர்வெறுப்பு நோய் தினமாக இருந்து வருகிறது.

இனி நம்மூருக்கு வருவோம். அம்பிட்டியில் பாப்பரசரின் குருமடம் திறக்கப்பட்ட அதே 1893 இல், இலங்கையில் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் வந்தது. இருந்தும் 1973 இல் மாத்திரம் இந்நோயால் நாட்டில் 377 பேர் மாண்டனர். அதன்பின் 1975 முதல் நாய்களுக்குப் பெருமளவில் ஊசி போடத் தொடங்கினார்கள். அண்மைய ஆண்டுகளில் சாவு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. பாஸ்டர் எண்ணிக்கை பார்த்துக் கைவிட்ட வேலை, தெருத்தெருவாக நடந்திருக்கிறது. ஆகவே இந்த ஊசியை விடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. வீட்டை விட்டுப் போகாத நாயானாலும் ஆண்டுதோறும் போடுங்கள். அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது.

மற்றவற்றில் டிஸ்டெம்பர், பார்வோ, ஈரல் அழற்சி என்ற மூன்றும் எந்த நாய்க்கும் தேவையானவை. பார்வோ 1978 அளவில்தான் உலகெங்கும் தலைகாட்டியது. குட்டிகளை இரத்தபேதியில் சாய்த்துவிடும். ஒரு ஊசி போட்டதும் போதுமென்று நிறுத்துவதுதான் நம்மவர் செய்யும் பெரும்பிழை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும் வரை ஊசி பிடிக்காது. அது எப்போது குறையும் என்று வெளியே தெரியாது. ஆகையால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் கடக்கும் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஆறு மாதத்திலோ ஒரு வயதிலோ மீண்டும் ஒன்று. அதன்பின் இம்மூன்றுக்கும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று உலகச் சிறு பிராணிகள் மிருக வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டி கூறுகிறது. செலவு குறையும் இடம் இதுதான். வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எலிக்காய்ச்சல் ஊசியின் கதை வேறு. குளிர்நாடுகள் சிலவற்றில் அது விருப்பத்துக்குரியது. மழையும் வயலும் வாய்க்காலும் எலியும் நிறைந்த நம் பகுதியில் அப்படிச் சொல்ல முடியாது. நோய் கண்ட நாயின் சிறுநீரிலிருந்து வீட்டாருக்கும் தொற்றலாம். ஹந்தானைத் தோட்ட லயத்தில் வளரும் நாய்க்கும், பேராதனை வயலோரத்தில் திரியும் நாய்க்கும் இது வேண்டியதே. பாதுகாப்பு நீடிக்காததால் ஆண்டுதோறும். கூட்டில் பல நாய்களுடன் விடப்படாத நாய்க்குக் கூட்டு இருமல் ஊசி அவசியமில்லை. கொரோனா ஊசி என்று நாய்களுக்கு ஒன்று உண்டு. அதை அந்த வழிகாட்டி சிபாரிசு செய்வதே இல்லை.

சந்தேகமிருந்தால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை அருகிலேயே இருக்கிறது. ஊசி அட்டையை மறவாமல் கொண்டு போங்கள். நாய் யாரையாவது கடித்தால், அட்டையைத் தேடிக் கொண்டிருக்க வேண்டாம். காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீறல்தானே என்று விடாதீர்கள். அந்தச் சிறுமிக்குக் கிடைக்காத 37 நாட்கள் உங்கள் கையில் இருக்கின்றன.