வேலை கேட்டு வந்த ‘நைட் டிரெய்ன்’

1952-ம் ஆண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ‘ராம்ஸ்’ கால்பந்துக் குழுவின் அலுவலகத்துக்குள் ஒரு கறுப்பு இன இளைஞர் நுழைந்தார். கையில் ஒரு நோட்டு. தம் ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை வெட்டி அதில் ஒட்டி வைத்திருந்தார். சிபாரிசுக் கடிதம் கிடையாது. பெரிய கல்லூரியில் ஆடிய பெயரும் கிடையாது. வேலை கேட்டு வந்திருந்தார்.

அவர்தான் ரிச்சர்ட் லேன்.

குப்பையில் கிடந்த குழந்தை

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் பிறந்த அவர், மூன்று மாதக் குழந்தையாகக் குப்பைத் தொட்டியில் எறியப்பட்டவர். பூனை கத்துகிறது என்று எண்ணி எட்டிப் பார்த்த எலா லேன் என்ற விதவை, குழந்தையை எடுத்து வந்து தம் பிள்ளைகளோடு வளர்த்தார். சிறு வயதிலேயே லேன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுச் சம்பாதித்தார்.

நான்கு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தபின், ஒரு விமானத் தொழிற்சாலையில் ‘ஃபைல்’ அடுக்கும் வேலை கிடைத்தது. காகிதம் அடுக்கும் குமாஸ்தா வேலை என்று நம்பிப் போனார். அடுக்க வேண்டியிருந்ததோ எண்ணெய் சொட்டும் பெரிய உலோகத் தகடுகள்! அந்த வேலை பிடிக்காமல்தான் ராம்ஸ் அலுவலகத்தின் கதவைத் தட்டினார்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், வீசியும் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து. தம் குழுவினர் வீசும் பந்தைப் பிடிக்கும் இடத்துக்குத்தான் லேன் முயன்றார். அங்கே டாம் ஃபியர்ஸ் போன்ற புகழ்பெற்றவர்கள் இருந்தனர். ஆகவே அவரைத் தற்காப்பு வரிசைக்கு மாற்றினார்கள்.

ஆட்ட நுணுக்கம் கேட்க ஃபியர்ஸின் அறைக்கு அடிக்கடி போவார் லேன். அங்கு ஓயாமல் ஒலித்த ‘நைட் டிரெய்ன்’ இசைத்தட்டின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராயிற்று.

முதல் ஆண்டிலேயே, 12 ஆட்டங்களில் 14 முறை எதிரிகள் வீசிய பந்தை இடைமறித்துப் பிடித்தார். பின்னாளில் ஆண்டுக்கு 17 ஆட்டங்கள் என்றான பிறகும் அந்தச் சாதனையை எவரும் முறியடிக்கவில்லை. எதிரியின் கழுத்தைப் பிடித்துச் சாய்ப்பது அவரது முரட்டு வழக்கம். ஆபத்தான அந்தப் பிடி பிற்பாடு விதிகளால் தடுக்கப்பட்டது.

சிகாகோ, டெட்ராய்ட் குழுக்களிலும் ஆடி 1965-ல் ஓய்வு பெற்றார். மொத்தம் 68 முறை பந்தைப் பறித்தவர். ஆனால் சாம்பியன் பட்டம் ஒருமுறையும் கிட்டவில்லை. இல்வாழ்விலும் துயரம் வந்தது. 1963-ல் அவர் மணந்த பிரபல பாடகி டைனா வாஷிங்டன், சில மாதங்களிலேயே காலமானார்.

1974-ல் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. மறு ஆண்டு டெட்ராய்ட் போலீசாரின் சிறுவர் விளையாட்டு அமைப்பில் பொறுப்பேற்று, 1992 வரை ஏழைச் சிறுவர்களுக்கு விளையாட்டில் வழி காட்டினார்.

2002 ஜனவரியில் லேன் மறைந்தார். உயிர் பிரிந்ததும் ஆஸ்டின் நகரில்தான். குழந்தையாய் எறியப்பட்டு, எலா லேனால் எடுத்து வளர்க்கப்பட்ட அதே ஊரில்.