மேடைக்குக் கூட்டம் சேர்த்த பாவலர்

இளையராஜாவின் அண்ணன் என்று சொன்னால்தான் இன்றைய மாணவர்களுக்குப் பாவலர் வரதராஜனைத் தெரிகிறது. 1958ல் நிலைமை வேறு. பாவலரின் தம்பி என்றுதான் ராஜாவைத் தெரியும்.

இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் தலித் குடும்பத்தில் பிறந்தவர் பாவலர். கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர். பாட்டெழுதுவது, குழுவை நடத்துவது, முன்னின்று பாடுவது எல்லாம் அவரே. நாட்டுப்புற மெட்டையோ, சனங்கள் வாயில் புழங்கிய சினிமா மெட்டையோ எடுத்துக்கொண்டு அதில் அரசியலை ஏற்றுவார். மெட்டு ஏற்கெனவே தெரிந்ததுதான், சொல் மட்டும் புதிது. எழுத்தறியாதவருக்கும் பாட்டு மனதில் தங்கிவிடும்.

1957ல் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. பெரும்பான்மை மிகக் குறைவு. அந்த நேரத்தில் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. 1958ல் இடைத்தேர்தல். அவரே மறுபடி நின்றார். அங்கே வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் நம் சனங்கள். மலையாளப் பேச்சு அவர்களிடம் எவ்வளவு தூரம் எடுபடும்? பாவலர் தமிழில் பாடினார். ரோசம்மா வென்றார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரும் பங்கு உண்டென்று முதலமைச்சர் இ.எம்.எஸ்.ஸே பாராட்டினார்.

இப்படி வெளிப்படையாகப் பாராட்டிய தலைவர்கள் குறைவு. நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பாருங்கள். தலைவர் வரும்வரை கூட்டம் கலையாமல் காப்பது பறையும் பாட்டுக் குழுவும்தான். சுவரொட்டியில் அவர்கள் பெயர் இருக்காது.

பாவலரின் குழுவில் தம்பிகள் பாஸ்கர், ராஜா, அமர்சிங் மூவரும் இருந்தார்கள். அமர்சிங்தான் பின்னாளில் கங்கை அமரன். சிறுவன் ராஜாவுக்குப் பெண் குரலில் பாடும் வேலை. வயது வந்து குரல் உடைந்ததும் அதற்கு வழியில்லாமல் போனது. அதன்பின் ஆர்மோனியம் அவர் கைக்கு வந்தது. ஊர் ஊராகப் போன அந்த மேடைகளில், கூட்டம் எந்த இடத்தில் கைதட்டும், எந்த இடத்தில் அடங்கும் என்பதை அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்தே அவர் கற்றார். எந்த இசைக் கல்லூரியிலும் இந்தப் பாடம் கிடையாது.

பாவலர் 1973ல் இறந்தார். ராஜாவின் முதல் படம் அன்னக்கிளி வந்தது 1976ல். தம்பிகள் பிறகு தொடங்கிய பட நிறுவனத்துக்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அலைகள் ஓய்வதில்லை அவர்கள் எடுத்த படம்தான்.