காங்கேயம் காளைக்குப் பேர் வாங்கித் தந்த பட்டக்காரர்

பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் காங்கேயம் மாட்டுக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. இந்த இனத்தை மேம்படுத்தியதில் முதன்மையானவர் பழையகோட்டை பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், காங்கேயத்தை அடுத்த பழையகோட்டையில் பெரிய மந்தை வைத்து, தேர்ந்தெடுத்த காளைகளைக் கொண்டு இனவிருத்தி செய்தார்.

உழவு மாட்டு இனத்தில் ஒரு சிக்கல் உண்டு. வலுவான காளைக்கன்றைத்தான் காயடித்து ஏரில் பூட்டத் தோன்றும். அதோடு அதன் வம்சம் முடிந்துவிடும். மிஞ்சிய சோடைக் காளையே ஊர்ப் பசுக்களுக்குச் சேரும். நல்லதையே பொலிகாளையாக நிறுத்தியதால் பட்டக்காரர் மந்தை பேர் பெற்றது. காங்கேயம் மாட்டின் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

இன்று அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பசு ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும். காளையின் குறையோ பல பசுக்களைச் சினையில்லாமல் நிறுத்தும். திமிலும் கொம்பும் மட்டும் போதாது. இரு விதைகளும் நன்கு இறங்கி, பருத்து, ஒரே அளவில் இருக்க வேண்டும். விதையின் அளவு தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் குணம். சேர்த்த பசுக்கள் பலவும் மறுபடி பருவத்துக்கு வந்தால், காளையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டுக்கிடாவுக்கும் ஆண் பன்றிக்கும் இதே கணக்குதான்.

மந்தையின் சிறந்த கன்றுக்குக் காயடிக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.