கேட்டு உயர்ந்த கணிதமேதை இராமாநுஜன்

கல்வியிலே ஐயம் தோன்றுவது குற்றமன்று. அதனை வெட்கத்தினால் மனத்துக்குள் புதைத்து வைப்பதே குற்றம். உலகம் போற்றும் கணிதமேதை ஸ்ரீநிவாச இராமாநுஜன் அவர்களின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

அன்னார் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி ஈரோட்டிலே பிறந்து, கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவிலே வளர்ந்தார். தந்தையார் புடவைக் கடைக் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் பேரன்பு பூண்டவர். குடும்பம் வறியது. வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடமே சிறுவன் கணித ஐயங்களைக் கேட்டான். அவர்கள் அறிந்தவை சீக்கிரமே தீர்ந்துபோயின. 1903இல் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று இரவலாகக் கிடைத்தது. அதிலிருந்த ஆயிரக்கணக்கான முடிவுகளைத் தாமே நிறுவ முனைந்தார். காகிதத்துக்குப் பணமில்லாமையால் சிலேட்டிலே கணக்கைப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மாத்திரம் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்.

கணிதம் ஒன்றிலேயே மூழ்கியமையால் ஏனைய பாடங்களில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று, 1907இல் எப்.ஏ. பரீட்சையும் கைகூடவில்லை. பட்டமுமில்லை, வேலையுமில்லை. ஆயினும் குறிப்புப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரியோரின் வாயில்களை நாடினார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய இராமசுவாமி ஐயர் அவரைச் சென்னைக் கணித அன்பர்களிடம் அனுப்பி வைத்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் 25 ரூபா உதவினார். 1912இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் 30 ரூபாச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

பின்னர் கேம்பிரிட்ஜ் அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். பேக்கர், ஹாப்சன் என்னும் இருவரிடமிருந்தும் உதவி கிட்டவில்லை. மனந்தளராது 1913 ஜனவரி 16ஆந் திகதி ஹார்டிக்கு எழுதினார். பகா எண்களைப் பற்றி அவர் எழுதியனுப்பியவற்றிலே பிழையும் இருந்தது. எனினும் மற்ற முடிவுகளின் அருமையை ஹார்டி உணர்ந்துகொண்டார். 1914 மார்ச்சு 17ஆந் திகதி இராமாநுஜன் கப்பலேறினார். பேர்பெற்ற பின்பும், முறையான நிறுவல் எழுதுவதை ஹார்டியிடம் மாணவராகவே கற்றார்.

கேம்பிரிட்ஜிலே தம் கையால் சைவ உணவு சமைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், நண்பர் மகலனோபிஸ் சஞ்சிகையில் வந்த புதிரொன்றை அவருக்கு வாசித்துக் காட்டினார். ஒரு தெருவின் வீடுகள் 1, 2, 3 என இலக்கமிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டின் இடப்புறத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்புறத்துக் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குள். வீட்டின் இலக்கம் யாது? விடை: 288 வீடுகளில் 204ஆவது. மகலனோபிஸ் முயன்று இந்த ஒரு விடையைக் கண்டிருந்தார். இராமாநுஜனோ சட்டியைக் கிளறியபடியே, இத்தகைய விடைகள் யாவற்றையும் தரும் தொடர்பின்னத்தைச் சொல்லிவிட்டார். எட்டுக் காம்பராக்கள் உள்ள நம் லயமொன்றிலும் இதைப் பார்க்கலாம். ஆறாவது காம்பராவுக்கு முன் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகை 15. பின் உள்ள 7, 8 இரண்டும் சேர்ந்தாலும் 15.

1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோயுற்று 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆந் திகதி, 32ஆவது வயதிலே சென்னையில் காலமானார்.

மலைநாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரக் கணித ஆசிரியர் போதாமை நாம் அறிந்ததே. காவி அட்சரகணிதத்தில் ஒரு கணக்கு விளங்காதபோது, இது நமக்கு வராது எனக் கொப்பியை மூடிவிடும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் இராமாநுஜனை நினைக்கவேண்டும். அவர் வெறுங்கையோடு சென்று கேட்டவரல்லர். தாம் செய்துபார்த்ததை எடுத்துச் சென்று கேட்டார். நீங்களும் எதுவரை செய்தீர்கள், எங்கே தடைப்பட்டீர்கள் என்பதை எழுதி எடுத்துச் சென்று, தெரிந்த அண்ணனிடமோ அக்காவிடமோ கேளுங்கள். ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் செல்லுங்கள். கற்றுத் தேறிய இளைஞர்களும் தம்மை நாடிவரும் தம்பி தங்கையரைத் திருப்பி அனுப்பலாகாது. அதுவும் இறைபணியே.