கங்கைகொண்ட சோழன்

பேரரசர் சரித்திரங்களைப் படிப்போர் பெரும்பாலும் அவர் வென்ற நாடுகளை எண்ணுவர். அவருக்குப்பின் எஞ்சியது யாதென எண்ணுவோர் சிலரே. சோழப் பேரரசருள் மிக்க புகழ் படைத்த முதலாம் இராசேந்திரன் சரித்திரம் இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுதற்கு இடந்தருவது. அவனது ஆணை நம் திருக்கோணமலைக் கரையிலுஞ் சென்ற காலமொன்று இருந்தமையின், அதனை அறிதல் நமக்குச் சிறப்பாக உரியதாகும்.

இவன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசனுக்கும் வானவன்மாதேவிக்கும் மைந்தன். மதுராந்தகன் என்பது இளமைப் பெயர். கி. பி. 1012ஆம் ஆண்டில் இளவரசுப் பட்டம் பெற்றுத் தந்தையோடு அரசியலில் அமர்ந்தான். 1014இல் தந்தை இறக்கத் தனியரசு எய்தினான்.

அக்காலத்து ஈழத்தின் நிலை இரங்கத்தக்கது. 982இல் அரசெய்திய ஐந்தாம் மகிந்தன், படைஞருக்குக் கூலி கொடுக்க இயலாதவனாயினான். அவர் கலகஞ் செய்ய, அநுராதபுரத்தை விட்டு உரோகணத்துக்கு ஓடினான். உட்பகையே வெளிப்பகைக்கு வாயில் திறந்தது. 993 அளவில் இராசராசன் படை வந்து, வடபாகத்தைக் கைக்கொண்டு, பொலன்னறுவையைத் தலைநகராக்கி, அதற்குச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டது. எஞ்சிய வேலையை மைந்தன் முடித்தான். 1017இல் அவன் படை உரோகணத்தினுட் புகுந்து மகிந்தனைப் பிடித்தது. ஈழத்தரசர் முடியையும், முன்னொரு பாண்டியன் இங்கே அடைக்கலமாக வைத்துப்போன முடியையும் இந்திரனாரத்தையுங் கவர்ந்தது. மகிந்தன் பன்னிரண்டு ஆண்டு சோழநாட்டிலே சிறையிருந்து 1029இல் அங்கேயே இறந்தான்.

இப்படையெடுப்பிலே விகாரங்கள் சூறையாடப்பட்டன என்று மகாவமிசங் கூறும். வென்றவன் சிவநேயன் என்பதுபற்றி இதனை மறைத்தல் முறையன்று. பிறர் வழிபடுமிடத்தை அழித்தல் யார் செய்யினுங் குற்றமே. பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்தமையை நினைந்து வருந்தும் நாம் இதனை எளிதில் உணர்தல் கூடும்.

ஆயினும், போர் ஓய்ந்தபின் சோழராட்சி வேறொரு முகமுங் காட்டிற்று. திருக்கோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தின் பக்கத்திலுள்ள வெல்கம் விகாரம் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள், விளக்கெரித்தற்குத் தமிழர் அளித்த பசுக்களையும் பணத்தையும் எடுத்துரைக்கின்றன. அவற்றுள் இராசேந்திரன் காலத்தனவும் உள. சோழவிலங்கேசுவர தேவர் என்னும் பட்டப்பெயர் பூண்ட அரசகுலத்தான் ஒருவனை மானாங்கேணிக் கல்வெட்டு அறிவிக்கின்றது. அதிலே திருக்கோணமலை மச்சகேச்சரமும் பேசப்படுகின்றது. உப்புவெளியினின்றும் வடக்கே போகும் வீதியிலுள்ள நிலாவெளியிற் கிடைத்த கல்வெட்டும் அம் மச்சகேச்சரத்துக்கு விடப்பட்ட நிலங்களைக் கூறுவதாம். சிவாலயமும் புத்தப்பள்ளியும் ஒரே ஆட்சியின் கீழ் அறம் பெற்றன என்பது இவற்றாற் போதரும்.

இராசேந்திரன் ஈழத்தோடு அமைந்தானல்லன். 1022, 1023 ஆம் ஆண்டுகளில் அவன் படை கலிங்கங் கடந்து, வங்கத்து மகிபாலனை வென்று, கங்கைநீரைக் கொணர்ந்தது. அதனாற் கங்கைகொண்டான் எனப் பெயர் பெற்று, கங்கைகொண்ட சோழபுரம் என்னும் புதிய தலைநகரைச் சமைத்தான். கொணர்ந்த நீரை, தான் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் பேரேரியிற் பெய்வித்தான். பிறவரசர் வெற்றிக்குக் கற்றூண் நாட்ட, இவன் உழவருக்குப் பயன்படும் நீரையே வெற்றித்தூணாக்கினமை போற்றற்பாலது.

1025இல் அவன் கப்பற்படை கடல் கடந்து சிரீவிசய நாட்டைத் தாக்கிச் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்படுத்திற்று, கடாரமும் வீழ்ந்தது. அந்நாட்டரசர் நாகபட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை ஈந்திருந்தான். அதனைச் செப்பேட்டில் வரைவித்தவன் இராசேந்திரனே. அந் நட்பு இருபது ஆண்டளவிற் பகையாயிற்று. சீனத்தோடு நடந்த கடல்வாணிகப் போட்டியே காரணமென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அரசர் நட்பின் உறுதி இத்தகையதே.

இதேகாலத்தில் மேனாட்டிலே தேனரசன் கனூட்டு என்பான் 1016இல் இங்கிலாந்தையும் 1028இல் நோர்வேயையும் வென்று கடலரசனாய் விளங்கினான். 1035இல் அவன் இறந்தபின் ஏழாண்டுக்குள் அவ்வரசு சிதறிற்று. இராசேந்திரன் அரசு அதனினும் நெடிது நின்றது. நிலவளவும், ஊர்ச்சபையும், ஏரிகாவலும் அதற்குத் தூண்களாயின. ஆயினும் அதுவும் நிலையாதாயிற்று. அவன் 1044இல் பிரமதேசத்தில் இறந்தான். தேவி வீரமாதேவி உடன் மாய்ந்தாள். அவளுடன்பிறந்தான், அவள் நீர்வேட்கை தணிதற்பொருட்டுத் தண்ணீரறம் நிறுவினான். கங்கையைக் கொணர்வித்த மன்னன் குடும்பத்துக்கு முடிவில் நினைவாயது ஒரு தண்ணீர்ப்பந்தலே. 1054இல் மைந்தன் இராசாதிராசன் கொப்பத்துப் போரிற் பட்டான். 1070இல் முதலாம் விசயபாகு சோழரைப் பொலன்னறுவையினின்றும் ஓட்டினான். 1279 அளவிற் சோழவரசே முடிந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைகள் இன்று மண்மேடு. 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டுதற்குக் கோயின் மதிற் கற்களும் எடுத்துச்செல்லப்பட்டன. ஆயின் கோயில் நிற்கின்றது, பூசை நடக்கின்றது. சோழகங்கம் பொன்னேரி என்னும் பெயரோடு இன்றும் உளது. நம்மூர்ப் பக்கத்திலோ, அவன் ஆண்டமைக்குச் சான்றாவன வாளும் முடியுமல்ல. விளக்குக்குப் பசு ஈந்தாரையும், கோயிலுக்கு நிலம் விட்டாரையுங் கூறுங் கற்களே. பறித்தது பறிபோயிற்று, கொடுத்தது நின்றது. அதிகாரத்திலிருப்போர் யாவரும் இதனைச் சிந்திப்பாராக. அக்கற்கள் மழையிலும் வெயிலிலுந் தேயாவண்ணங் காத்தல் நம் கடனாகும்.